பெக்கான் நானாஸுக்கு நான் கொடுத்த பன்னிரண்டு கன்றுகள்

ஸ்கூடாயிலிருந்து, அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ் என் வண்டிக் கணக்கில் 29 கிலோமீட்டர். போன சனிக்கிழமை மட்டும் அது ஏழு கடல் தூரம். என் மனைவியின் தம்பி கதிர் முதல் நாள் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய மூன்று ஏக்கர் அன்னாசித் தோட்டத்தின் ஒரு மூலையில் இலைகள் சிவந்து, நுனி காய்ந்து சுருண்டிருந்தன. ஐந்து மாதத்துக்கு முன் நான் அன்பளிப்பாகக் கொடுத்த பன்னிரண்டு கன்றுகளை அவன் நட்டது அந்த மூலையில்தான்.

காலை 7.10க்குக் கிளம்பினேன். ஸ்கூடாய் நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் போனது. வழியில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் டீ ஒன்று, 6 ரிங்கிட் 20 சென். வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு ரொட்டியை மிச்சம் வைத்தேன். கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

8.30க்குத் தோட்டம். கால் வைத்தால் கணுக்கால்வரை விழுங்கும் சதுப்பு மண். கதிர் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் இதில்தான் கொட்டியிருக்கிறான். முதல் அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம். மண்ணில் சத்துக் குறைவு, உரம் போட்டால் தேறிவிடும் என்று நம்பிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

தலையாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் ஓர் இலையை விலக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி; இலை சிவந்து வாடியது அதனால்தான். சுற்றிலும் எறும்புப் பட்டாளம், அரச ஊர்வலம்போல அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்துபோவதே இந்த எறும்புகள்தான். 

"மச்சான், அந்தக் கன்னு ரோட்டோரத்துல வாங்குனது" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "நர்சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அத நம்பித்தான் மச்சான் மருந்துல முக்காம நட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. உடனே கொளுத்திவிடலாம் என்று வீரம் பேசினேன். மக்கிய இலைதழையாலான இந்த மண்ணில் தீ வைத்தால் மேலே அணைந்தாலும் அடியில் நாள்கணக்கில் புகைந்து, தோட்டமே போய்விடுமாம். என் யோசனை ஒவ்வொன்றும் அவனுக்கு ஆபத்தாகவே இருந்தது. பிறகு பேசாமல் பிடுங்கினேன். என் கன்றுகள் பன்னிரண்டோடு, சுற்றி நின்ற இரண்டு வரிசையும் சேர்த்து 140 செடிகள். பாதிச் செடிகளில் கைமுட்டி அளவு காய் பிடித்திருந்தது. கறுப்புப் பைகளில் திணித்து வாயை இறுகக் கட்டி, ஓரமெல்லாம் எறும்பு மருந்து வைத்து முடிக்கும்போது மணி 1.40.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் உரித்துவிடும். ரப்பர் பூட்ஸ் அவசியம், தோட்டத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் கழுவுங்கள். விவசாயி வீட்டுக்குக் கேக் வாங்கிப் போங்கள், கன்று வேண்டாம். கொடுத்தே தீருவீர்களானால் எங்கே வாங்கினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வாயளப்பது என் குலத்தொழில். அதையும் தோட்ட வாசலில் விட்டுவிட வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மற்ற வரிசைகள் தப்பினவா என்பது தெரிய இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை கைப்பேசியில் கதிர் பெயர் வந்தால், என் தொண்ணூறு கிலோவும் மாவுப்பூச்சி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நேற்று இருமுறை அழைத்தான். இன்னும் எடுக்கவில்லை.