மாத்திரைக்காரி வெர்னிட்டா

உள்ளங்கையில் மாத்திரையை வைத்ததும் வெர்னிட்டா தன் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வாள். "ம்... ஆகட்டும் கண்ணு, போடுங்க." அதற்குப் பிறகு மாத்திரை உருண்டு ஓட்ஸ் கஞ்சிக்குள் விழுந்தாலும் சரி, அந்தக் கைகள் வெளியே வராது.

மாநிலச் சட்டம் அப்படி. இந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை அவள் குளிப்பாட்டலாம், பொத்தான் போட்டுவிடலாம், கஞ்சியைக்கூட ஊட்டலாம். மாத்திரையை மட்டும் ஊட்டக் கூடாது, போடுகிற கையைத் தாங்கிப் பிடிக்கவும் கூடாது. அதற்கு நர்ஸ் படிப்பு வேண்டும். தன் கையால் தன் வாயில் போட்டுக்கொள்ள முடியாதவர் இங்கே இருக்கவும் கூடாது. பெட்டி படுக்கையோடு பெரிய பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முகம் சுளித்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என்னடி பெரிய இரக்கம்? முன்னால நான் இருந்த இடத்துல ஒருத்தி அவசரத்துல திணிச்சா. பெரியவர் மூச்சடைச்சு என் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தார். சும்மா ஒண்ணும் சட்டம் போடல. கையைப் பையில போடு!"

கனத்த உடம்பு, ஊதா நிறச் செருப்பு. உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்பவன் வந்தால் போதும், "வந்துட்டான் புளுகன்!" என்று மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே திட்டுவாள்.

அப்படிப்பட்டவளைப் படுத்தி எடுத்தது ஆர்வில் மேசைதான். ஆர்வில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். போன இலையுதிர் காலத்திலிருந்து கை நடுக்கம். பக்கத்தில் மனைவி லியோனா. உடம்பு கல்லுப்போல இருக்கும், நினைவுதான் இல்லை. அவர் சொன்னால்தான் ரொட்டியைத் தொடுவாள். அவரைப் பெரிய இல்லத்துக்கு மாற்றினால் அவளை அங்கே சேர்க்க மாட்டார்கள், அவளுக்கு நோய் போதாது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள்.

குளிர்காலம் முழுக்க, அவர் கை வாய்க்குப் போய்ச் சேரும்வரை வெர்னிட்டா அந்த மேசையருகே நின்றாள். காபி ஆறிப்போகும். "எங்களுக்கும் இன்னிக்கு உண்டா தாயே?" என்று அடுத்த மேசையில் நக்கல் கிளம்பும். "வாயை மூடுங்க, வர்றேன்!" என்பாள். ஆர்வில் சிரிப்பார். "வண்டி மெதுவாத்தாம்மா வரும். ஆனா வந்துரும்." வந்தும்விடும்.

மார்ச் மாதம் ஒரு காலை. "மாநிலம் வந்தாச்சு!" என்று சமையல்காரன் கிசுகிசுத்தான். சோதனை அதிகாரிக்கு அங்கே அதுதான் பெயர். காலணியில் பனி ஒட்டியிருந்த அந்தப் பெண்மணி மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, ஆர்வில் மேசையருகே வந்து நின்றுகொண்டாள்.

வெர்னிட்டா மாத்திரையை வைத்தாள். கைகள் பைக்குள் போயின. ஆர்விலின் கை தட்டைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது, காலருக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. அவர் நெற்றியில் வியர்வை. அதிகாரி அவசரப்படுத்தவில்லை, பாவம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வந்திருக்கும். எத்தனையோ சாவைப் பார்த்த வெர்னிட்டாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சுதாரிப்பதற்குள் அவள் உள்ளங்கை அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். "வெர்னிட்டா, நீங்க..." என்று குறிப்பேட்டைத் திறந்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" ஆர்விலின் குரலில் கோபமே இல்லை. "நான்தான் வந்துக்கிட்டிருந்தேனே."

லியோனா ரொட்டியிலிருந்து உலர்திராட்சையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தாள். வெர்னிட்டா அவளைப் பார்த்தாள். பாவி, இவ புருஷனை நானே அனுப்பிட்டேனே!

கையை எடுத்துவிடலாம். எடுத்து என்ன ஆகப்போகிறது? முழங்கையை மெல்ல உயர்த்தி, அவர் கையிலிருந்த மாத்திரையை எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். தண்ணீர்க் குவளையையும் தானே எடுத்து உதட்டில் பொருத்தினாள். மற்றொரு கையை அவர் பிடரிக்குக் கொடுத்து, மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.