மிஷின் படிக்கும் கடுதாசி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருந்தும் கிள்ளானில் லோரி உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் முதலில் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். எந்த லோரிக்கு எந்தச் சாமான், அது எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் என் தலைக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாமான் தேடுகிற கடைக்காரர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மகள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஒரு புதன்கிழமை மதியம் லேப்டாப்போடு கடைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். எட்டு மாதம் உழைத்து அவள் உருவாக்கிய கருவியை வெள்ளிக்கிழமையோடு மூடிவிடலாம் என்று மேலே பேசுகிறார்களாம்.

இப்போதெல்லாம் புரோகிராம் எழுதும் வேலையை ஏஐயே செய்கிறதாம். பெரிய புரோகிராமில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வேலை இருக்கும். ஒரு பெயர் எந்த இடத்தில் உண்டானது, எங்கெல்லாம் புழங்குகிறது என்று கேட்டால் இவள் கருவி நொடியில் சொல்லிவிடும். ஆனால் அந்த ஏஐ கேட்பதே இல்லை. தனக்குத் தெரியும் என்று ஞாபகத்திலிருந்து ஒரு பெயரைப் போட்டு எழுதிவிடுகிறது. அப்படி ஒரு பெயரே அங்கே இருக்காது. எல்லாம் நின்றுபோகும். கருவியை எப்படி உபயோகிப்பது என்று இவள் ஒரு கடுதாசி எழுதியிருக்கிறாள். அதைப் படிப்பது மனுஷன் இல்லை, அந்த ஏஐதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஷினுக்குக் கடுதாசியா? அதையும் படித்துவிட்டு அது கேட்காமல் இருக்கிறதா? தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னேன். கருவி எவ்வளவு வேகம், எத்தனை விதமாகக் கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும் என்று நீளமாகப் போனது. நன்றாகத்தான் இருந்தது.

"இதப் படிச்சும் கேக்கலன்னா அது மண்டு மிஷின் லா," என்றேன்.

அந்த நேரத்தில் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஒரு லோரிக்காரர் வந்தார். பல வருஷப் பழக்கம். கழற்றிய பழைய கிளட்ச் பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக் கவுண்டரில் வைத்தார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். பழையதைப் பிரித்து, அதோடு புதியதை ஒத்துப் பார்த்துத்தான் கொடுப்போம். நான் அந்தப் பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை. நேரே போய் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன்.

"பிரிச்சுப் பாருங்கண்ணே," என்றார்.

"உங்க லோரிய உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்," என்று அனுப்பிவிட்டேன். மகள் பார்க்கிறாள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பிளேட்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"உக்கார மாட்டேங்குதுண்ணே. போன மாசம் கியர்பாக்ஸ மாத்திட்டேன். அதுக்குத்தான் பழசக் கொண்டாந்தேன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடு ஓட்டையில் பற்களின் எண்ணிக்கையே வேறு. என் கையால் கொடுத்த சாமான் திரும்பி வந்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஒத்துப் பார்த்துச் சரியானதைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளும் அதிர்ந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டலம் கண்ணு முன்னாலதானப்பா இருந்துச்சு. ஏன் பிரிக்கல?"

"தெரியும்னு நெனச்சேன்."

"எப்படி ஒத்துப் பாக்கறதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"ஏன் தெரியாது? பாக்கணும்னு தோணல. அவ்வளவுதான்."

அவள் சட்டென்று லேப்டாப்பைத் திறந்தாள். எப்படிக் கேட்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாளாம். எப்போது கேட்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையாம். கருவியின் அருமை பெருமையெல்லாம் இருந்த முதல் பக்கத்தை என் கவுண்டரிலேயே அழித்தாள். அந்த இடத்தில் புதிதாக எழுதிப் படித்துக் காட்டினாள்: ஒரு பெயரை எழுதுவதற்கு முன் இந்தக் கருவியிடம் கேள். தெரியும் என்று தோன்றினாலும் கேள்.

"தெரியும்னு தோணும்போதுதான் கட்டாயம் கேக்கணும்னு போடு," என்றேன். போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். மேலதிகாரிகள் முன்னால், முன்பு தப்பாய்ப் போன வேலைகளையே ஏஐயிடம் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்களாம். இந்தத் தடவை ஏஐ ஒவ்வொரு பெயருக்கும் கருவியிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைத்ததாம். கருவி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், ஏஐ படிக்கும் கடுதாசியில் ஒரு வரி என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு அது திருந்திவிட்டது என்பதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. அதே வரியை என் மனைவி என்னிடம் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.