மேங்கோ மரத்தின் முதல் காய்

பள்ளிக்கூடம் இருந்த திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. தோளில் டோலி தூக்குவேன், வாயால் ஊரைச் சிரிக்க வைப்பேன். அந்த வாய்தான் என் மாமரத்தைத் தின்றது.

சர்க்கார் காட்டுக்கு எல்லைக்கல் நட ஒரு துரை மலையேறி வந்தார். என் தினைக்காட்டு ஓரத்து மாமரம் கல்லுக்கு உள்ளே சர்க்காரோடு போகுமா, வெளியே எனக்கு நிற்குமா என்பதுதான் எனக்குக் கவலை. தானியம் தீர்ந்த கோடையில் அந்தக் காயை அடிவாரத்தில் விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. மரத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சலாம் என்றே துரையின் டோலிக்குத் தோள் கொடுத்தேன்.

மரத்தடியில் இறக்கினோம். துரை அண்ணாந்து பார்த்து, “மேங்கோ” என்றார். கூட வந்த காளப்பநாயக்கன்பட்டி குமாஸ்தா என்னிடம் திரும்பினார்.

“அது நம்ம மாங்காய்தான்யா. மலையாளக் கரையில பறங்கிக்காரன் மாங்கான்னு கேட்டு எழுதிக்கிட்டான். அவன்கிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் வாங்கி, வாலைத் திருகி மேங்கோ ஆக்கிட்டான்.”

“ஏனுங்க, அப்ப நம்ம சொல்லு கப்பலேறிப் போயிருக்குதுங்களா?”

“ஆமா. நீதான் இன்னும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தத் தாண்டல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சீமைக்குப் போன பங்காளி வீடு திரும்பியது போல ஒரு பூரிப்பு. கெஞ்ச வந்ததை மறந்து மரத்தில் தாவி ஏறி, அந்த வருஷத்து முதல் காயைப் பறித்து, இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினேன்.

எங்கள் மலைநாட்டில் மரம் யாருடையதோ, முதல் காய் அவர் கைக்குத்தான் போகும். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும்.

எல்லை காட்ட வந்த ஊர்க் கவுண்டரிடம் குமாஸ்தா கேட்டார்: “மரம் யாருதுங்க?”

கவுண்டர் என்னைப் பார்த்தார். “மொதக் காய ஆருக்குடா குடுத்தே?”

“தொரைக்குங்க. ஒரு ஆசையில...”

“உள்ளதத்தான் சொல்வேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்கறேன், கண்ணு. பாத்தத இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

கல்லை மரத்துக்கு இந்தப் பக்கம், என் காட்டை ஒட்டி நட்டார்கள். துரை காயை ஒரு கடி கடித்து, புளிப்பில் முகம் கோணி, வீசி எறிந்தார். நான் டோலியைத் தூக்கினேன்.

வீட்டில் பெண்டாட்டியிடம் மரம் போனதைச் சொன்னேன். வாய் நிற்கவில்லை, மாங்காய் என்ற சொல் கடல் தாண்டிய கதையையும் சொன்னேன்.

“அந்தச் சொல்ல வேக வெச்சுப் போடட்டுமா?” என்றாள்.

அந்தக் கோடையில் பாதி நாள் அவள் அடுப்பே மூட்டவில்லை.