நாலு கேபி

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கஞ்சன் என்றுதான் கூப்பிடுவார்கள். காசில் கஞ்சன் அல்ல, செல்போனில் இருக்கும் இடத்தில் கஞ்சன். சிக்னல் எட்டாத ஊர்களில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு, இணையம் இல்லாமலே திறக்கிற மருத்துவக் கையேட்டைச் செய்வது அவன் வேலை. அவர்கள் கையில் இருப்பதெல்லாம் பழைய போன். முன்னூறு நோய், மருந்தளவு, படங்கள் எல்லாம் முப்பது எம்பிக்குள் அடங்கியாக வேண்டும். ஒரு படத்தில் கொஞ்சம் நிழல் கூடிவிட்டால் போதும், "இந்த நிழல் யாருக்கு ஊசி போடப் போகுது?" என்று படம் வரைபவரிடம் மல்லுக்கு நிற்பான்.

அவனுடைய ஒரே அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் நர்சு. இரண்டு அறை சுகாதார நிலையம், பின்னாலேயே வீடு, போக வர ஒரு படகு. கையேடு முடிந்ததும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோனான். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முற்றத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன், தச்சர், சும்மா இருப்பாரா?

"ஏன் மாப்ளே, உலகத்துல இருக்கிற வியாதியெல்லாம் இவ கையில கொடுத்துட்டியே! இனிமே நான் தும்மினாக்கூட மூணு பக்கம் படிச்சுக் காட்டுவாளே."

அக்கா சிரிக்கவில்லை.

"எல்லாப் பக்கத்துலயும் கடைசியில 'உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்'னு போட்டிருக்கியே. ஆறு பெருகிட்டா எதுலடா கொண்டு போறது, உன் தலை மேலயா? போக முடியலன்னா என்ன செய்யணும், பிழைக்க மாட்டாங்கன்னா கூட இருக்கிறவங்க எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு பக்கம் போடு."

"போட்டுடறேன்க்கா" என்றான்.

அலுவலகத்தில் எல்லாப் பக்கத்தையும் சரிபார்க்கிற டாக்டரம்மா மறுத்துவிட்டார். "அப்படி ஒரு பக்கம் இருந்தா, போக முடிஞ்சவங்களும் போகாம உட்கார்ந்துடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அல்லவா? நிழலுக்கு மல்லுக்கு நின்ற மகராசன், இதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அக்கா மருந்து வாங்க இந்தக் கரைக்கு வந்தபோது, சிக்னல் கிடைத்ததும் அந்தப் பக்கம் என்னாச்சு என்று போனில் கேட்டாள். டாக்டரம்மாவிடம் பேசப் பயந்தேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

"இடம் இல்லக்கா" என்றான்.

"ஐயோ பாவம், நீ என்ன பண்ணுவே. விடு" என்றாள். அவன் கஞ்சத்தனம் தெரிந்தவள், அப்படியே நம்பிவிட்டாள்.

அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? வெறும் எழுத்துதானே, நாலு கேபி. அதே வாரம், பண உதவி செய்த அமைப்பின் சின்னம் கையேட்டைத் திறந்ததும் சுற்றிச் சுற்றி வரட்டும் என்று இரண்டு எம்பியைத் தூக்கிக் கொடுத்தான். அதற்கு மட்டும் இடம் இருந்தது!

அந்த மழைக்காலத்தில் ஆறு பெருகி மூன்று நாள் படகு ஓடவில்லை. நான்காம் நாள் படகு விட்டார்கள். அன்று முற்பகல், அவன் கணினியில் ஒரு கணக்கு வந்து விழுந்தது. எந்தப் பக்கத்தை எத்தனை தடவை திறந்தார்கள் என்று போன் குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும். அக்காவின் போன். ஒரே பக்கம், பக்கவாதம். நாற்பத்தாறு தடவை. யாருக்கோ பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"மாமா போயிட்டாருடா" என்றாள் அக்கா.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, இருவரும் சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவே பேசினாள்.

"திறந்து திறந்து பார்த்தேன்டா. எங்கேயாவது வேற ஒரு வரி இருக்காதான்னு. கொண்டு போ, கொண்டு போன்னே இருந்துச்சு. ஊருக்கெல்லாம் பார்த்தவ நான், என் வீட்டுல வந்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. படகு விட்டுட்டாங்களான்னு கரைக்கு ஓடுவேன், திரும்பி வருவேன், மறுபடியும் ஓடுவேன். அப்படி ஒரு தடவை ஓடினப்பதான் போயிட்டார்."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது அந்தப் பக்கத்தை எழுதிக்கோ. சரிபார்க்கிற டாக்டரம்மா ஏதாவது கேட்டா நானே பேசறேன்."

போனை எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல அடித்தான்.

"ஒருக்களிச்சுப் படுக்க வை. உதட்டை ஈரத்துணியால நனை. தண்ணி ஊத்தாதே." நிறுத்தி விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் ரெண்டே வரிடா. சுருக்கமாவே சொல்லிடறேன். இடம் இல்லன்னியே."

அவன் அடிப்பதை நிறுத்தினான்.

"இடம் இருந்துச்சுக்கா. அப்பவே இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாக முற்றம் தெரிந்தது. மாமா பாதி இழைத்த பலகை அங்கேயே கிடந்தது.

"எவ்வளவு இடம் வேணும் இதுக்கு?"

"நாலு கேபி."

"அப்படின்னா?"

"நீ எடுக்கிற ஒரு போட்டோவுல ஆயிரத்துல ஒரு பங்கு."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தேன்டா. கடைசி அரை மணி நேரம் இல்ல" என்றாள். "அழிச்சிடு அதை. முதல்லேருந்து முழுசா சொல்றேன். கைய விடாதே, பேசிக்கிட்டே இரு, அவருக்குக் காது கேட்கும், கரைக்குப் போகாதேன்னு எல்லாத்தையும் சொல்றேன். எழுது."

அவன் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினான்.