பொறுப்பு சாரின் வலது கை

"யாரு இங்க பொறுப்பு?"

குரல் வாசற்படியிலேயே வெடிக்கிறது. மிக்சியைக் கைக்குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வருகிறார். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேருக்குத் திடீரென்று கணினியில் தலைபோகிற வேலை வந்துவிடுகிறது. ஐந்தாவது ஆளின் வலது கை மட்டும் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்கிறவனின் கைபோல விறுக்கென்று மேலே போகிறது.

"நான்தாங்க பொறுப்பு. வாங்க, முதல்ல உக்காருங்க."

அந்த மிக்சியை அவர் செய்யவில்லை, விற்கவில்லை, பிரித்துப் பார்த்ததுகூட இல்லை. வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையம் அது. புகாரை எழுதி வாங்குவதுதான் அவர் வேலை, பதினாறு வருடமாக. ஆனாலும் யார் கேட்டாலும் கை தூக்கிவிடுவார். அதனாலேயே 'பொறுப்பு சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

அவருக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. முதலில் எழுந்து நிற்பார். எழும்போது வலது முழங்கால் 'கடக்' என்று ஒரு சத்தம் போடும். ஆத்திரத்தோடு வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்திலேயே கால்வாசிக் கோபம் இறங்கிவிடும். பிறகு தன் நாற்காலியை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். அப்புறம் புகாரை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, வசவு உட்பட, குண்டு குண்டான எழுத்தில் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார்.

"'இந்தச் சனியன எந்த மடையன் செஞ்சான்'னு சொன்னீங்க. எழுதிட்டேன். 'இத வித்த தடியன் கண்ணுல படட்டும், அவனுக்கு இருக்கு'ன்னும் சொன்னீங்க. அதையும் எழுதிட்டேன். வேற ஏதாவது விட்டுப்போச்சுங்களா?"

தன் வாயில் வந்தது காகிதத்தில் ஏறி இன்னொருவர் குரலில் திரும்பி வரும்போது யாருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். "அந்தத் தடியன அடிச்சிடுங்க சார்" என்று இறங்கி வருவார் அந்த அம்மா. பொறுப்பு சார் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போடுவார்.

எழுதுகிற சீட்டில் இரண்டு நிறம். வெள்ளைச் சீட்டு என்றால் சாதாரணம். முறை வரும்போது ஆள் போவார். சிவப்புச் சீட்டு என்றால் அவசரம். அன்றைக்கே போயாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் வெறும் ஆறடி. வெள்ளைக் கட்டு மேசைமேல், சிவப்புக் கட்டு எதிர்ச்சுவர் அலமாரியின் மேல்தட்டில். இந்த ஆறடியை மறந்துவிடாதீர்கள். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய சங்கதி அதற்குள்தான் நடந்தது.

ஒருமுறை கம்பெனி எல்லாரையும் பயிற்சிக்கு அனுப்பியது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, "மன்னிப்புங்கற வார்த்தை உங்க வாயில வரவே கூடாது. சொன்னீங்கன்னா தப்பு நம்ம தலையில வந்து உக்காந்துக்கும். 'உங்க சிரமம் புரியுது'ன்னு மட்டும் சொல்லுங்க. புரியறதுக்கு எந்த வழக்கும் கிடையாது" என்று பாடம் நடத்தினார். மற்ற நால்வரும் அதைக் கண்ணும் கருத்துமாகப் பிடித்துக்கொண்டார்கள். பொறுப்பு சாரும் குறித்துக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளைக்குள் பதினொரு முறை "மன்னிச்சிடுங்க" சொல்லிவிட்டார். பக்கத்து மேசைப் பெண் வேலை மெனக்கெட்டு எண்ணினாள்.

"ஏன் சார், உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"நம்ம ஆண்டவர் ஒண்ணுமே பண்ணாம, அத்தன பேர் தப்புக்கும் சேத்து வாங்கிக்கிட்டு சிலுவையில தொங்கினார்மா. நான் மாசாமாசம் சம்பளம் வாங்கறேன். கூட ரெண்டு வசவு வாங்கினா என்ன?"

அவருடைய வேதபாடம் மொத்தமும் அவ்வளவுதான். பிரசங்கம் செய்யத் தெரியாது. சபையில் ஜெபம் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் செய்கிற ஊழியம் ஒன்றே ஒன்று: சனிக்கிழமை பிற்பகலில் ஏணி போட்டு ஏறி, கோயிலின் முன்சுவரில் இருக்கும் பெரிய மரச்சிலுவையை ஈரத்துணியால் துடைப்பார்.

ஏணியைப் பிடித்துக்கொள்வது அவர் மச்சான், மனைவியின் அண்ணன். பத்திரம் எழுதுவது தொழில். ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிற அந்த மனிதர், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் மட்டும் பேனாவை மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார். மகா கெட்டிக்காரர். சபையிலும் முன்வரிசை. ஆனால் சிலுவை விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு தீராத சந்தேகம். ஏணியைப் பிடிக்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கீழேயிருந்து மேலே அனுப்புவார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மாப்ள. ஆண்டவர் சிலுவையில தொங்கினப்ப கீழ நின்னவன் அத்தன பேரும் இறங்கி வா, நம்பறோம்னுதானே சொன்னான்? இறங்கி வந்து காட்டியிருந்தா அன்னிக்கே எல்லாப் பயலும் கால்ல விழுந்திருப்பான். விஷயம் எவ்ளோ லேசா முடிஞ்சிருக்கும்!"

"மச்சான், ஏணி ஆடுது. ரெண்டு கையாலயும் பிடிங்க" என்பார் பொறுப்பு சார். பதில் தெரியாதபோது அவர் சொல்லும் பதில் அது.

கீழ்த்தளத்தின் தலைக்கு மேலே, மாடியில், கண்காணிப்பாளருக்கென்று கண்ணாடி தடுத்த ஓர் அறை இருக்கிறது. மெத்தை வைத்த சுழல் நாற்காலி, தனி மின்விசிறி, கத்துகிறவர்கள் ஏறி வர முடியாத உயரம். போன வருடம் அந்த இடம் காலியானது. அடுத்தது பொறுப்பு சார்தான் என்று கடைநிலை ஊழியர்வரை பேச்சு. முழங்காலுக்கு விடுதலை கிடைக்கப்போகிறது என்று மனைவி அப்போதே தைலப் புட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். சாவி வாங்கவேண்டியதுதான் பாக்கி. அந்த வாரத்தில்தான் ஹீட்டர் விழுந்தது.

யார் வீட்டிலோ குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த வெந்நீர் ஹீட்டர். குளித்துவிட்டு அந்த வீட்டு அம்மா வெளியே காலை வைத்த மறுகணம் பெயர்ந்து விழுந்தது. கைகழுவும் தொட்டி சுக்குநூறு. சில்லு தெறித்து அவர் காலில் மூன்று தையல். பதறிப்போன கம்பெனி விசாரணை வைத்தது. சுவரில் நீளமான போல்ட் போடவேண்டிய இடத்தில் குட்டையானதைப் போட்டிருக்கிறார் மாட்டிவிட்டு வந்த ஃபிட்டர். தப்புத்தான். அவரே ஒப்புக்கொண்டார். தாடிக்காரர், சாது, இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தகப்பன்.

விசாரணை அறையில் மேலாளர் முறைப்படி கேட்டார்: "இதுக்கு வேற யாராவது பொறுப்பா?"

பதினாறு வருடமாக இந்தக் கேள்விக்குத் தானாக எழுந்த கை, அன்று எழவில்லை. தொடைக்கு அடியில் இருந்தது. பொறுப்பு சார் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஏனென்றால் ஹீட்டர் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். "சொவத்துல இருந்து கிறீச் கிறீச்சுனு சத்தம் வருது சார், கொஞ்சம் ஆளனுப்புங்க." சிவப்புச் சீட்டுக்கான சமாசாரம், சந்தேகமே இல்லை. ஆனால் மதிய நேரம், முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டு ஆறடி தள்ளி, மேல்தட்டில் இருந்தது. எழ மனமில்லாமல் கைக்கெட்டிய வெள்ளையில் எழுதிப் போட்டுவிட்டார். விசாரணையில் அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை, அதனால் வேறு யாருக்கும் தெரியாது. விழுந்த செய்தி வந்த அன்றே அந்த வெள்ளைச் சீட்டைக் கட்டிலிருந்து உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிழிக்கலாம் என்று நான்கு முறை எடுத்தார். நான்கு முறையும் மடித்து உள்ளே வைத்தார்.

மற்றவன் தப்புக்குக் கை தூக்குவது எவ்வளவு சுகமான வேலை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வசவு தன்மேல் விழுந்தாலும் ஒட்டாது. 'பாவம், எவ்வளவு நல்ல மனுஷன்' என்று ஊர் பேசும். அதை ஆண்டவர் கணக்கில் வேறு எழுதிக்கொண்டிருந்தாரே! நினைக்க நினைக்க அவருக்குக் கூசியது.

வெள்ளிக்கிழமை மாலை தாடிக்காரர் வந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி விசாரணை, அதோடு சீட்டு கிழிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். சிவப்புக் கட்டுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

"வீட்ல இன்னும் சொல்லலண்ணே. காலையில எப்பவும்போல பையத் தூக்கிட்டுக் கெளம்பிடறேன். பூங்காவுல உக்காந்திருக்கேன். சாயங்காலம் போனதும் சின்னவ பைய வாங்கி வெச்சு, 'இன்னிக்கு எத்தன வீடுப்பா?'ன்னு கேக்கறா. நாலுன்னு சொல்லிட்டேன். யாரு யாரு தப்புக்கோ கை தூக்கினவரு நீங்க. உங்ககிட்ட சொன்னா மனசு ஆறும்னு வந்தேன்" என்றார்.

பொறுப்பு சாருக்கு அழுகை வந்தது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய் அழுதுவிட்டு, தண்ணீரை மறந்து வெறுங்கையோடு திரும்பினார்.

சனிக்கிழமை ஏணிமேல் நின்றபடி எல்லாவற்றையும் மச்சானிடம் கொட்டிவிட்டார். கீழேயிருந்து பத்திர எழுத்தர் தெளிவாக, பத்தி பத்தியாகப் பேசினார்.

"இங்க பாரு மாப்ள. ஒண்ணு, போல்ட் போட்டது அவன். ரெண்டு, அவனே ஒத்துக்கிட்டான். மூணு, உன்ன யாரும் கேக்கல. கேக்காத கேள்விக்கு எவனாவது எழுதிக் குடுப்பானா? சீட்டக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு மாடிக்குப் போற வழியப் பாரு. அங்க போய் உக்காந்தப்புறம் அவனுக்கு வேற எடத்துல சொல்லி ஒரு வேலை வாங்கிக் குடு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

ஓட்டை இல்லாத பேச்சு. சிலுவையின் இடது முனையைத் துடைத்தாயிற்று. வலது முனையில் இன்னும் ஒரு சாண் தூசி மிச்சமிருந்தது. அதை எட்ட வேண்டுமானால் இடது கையால் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முழுசாக நீட்டி, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். வாராவாரம் செய்வதுதான். அன்று அப்படி ஒட்டிக்கொண்டவர் அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் மரம் சொரசொரத்தது.

"போதும் மாப்ள, சுத்தமாத்தான் இருக்கு. கால் நடுங்குது பாரு. இறங்கி வா!" என்று கத்தினார் மச்சான், நிஜமான அக்கறையோடு.

"மச்சான்" என்றார் அவர் மரத்தில் வாயை வைத்துக்கொண்டே. "அன்னிக்கு ஆண்டவர் இறங்கி வந்திருந்தா நீங்க சொல்ற மாதிரி லேசா முடிஞ்சிருக்கும். ஆனா நம்ம கதி?"

"என்ன? கேக்கல!"

"ஏணியப் பிடிங்க." ஒரு சாண் தூசியையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மாடி அறையில் வேறொருவர் சுழல்கிறார். பொறுப்பு சாரின் இழுப்பறையில் கம்பெனி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடக்கிறது. தைலப் புட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. தேய்த்துவிடும்போது மனைவி கொஞ்சம் அழுத்தியே தேய்க்கிறாள். "உங்கள மாதிரி ஒரு அசட்டு மனுஷன நான் பாத்ததே இல்ல" என்று முணுமுணுத்தாலும், புட்டி தீருமுன்பே புதுசு வாங்கி வைத்துவிடுகிறாள். மச்சான் இன்னும் ஏணி பிடிக்கிறார். ஆனால் அந்தச் சந்தேகத்தை மேலே அனுப்புவதில்லை. தாடிக்காரருக்கு ஒரு மாதச் சம்பளப் பிடித்தத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. எந்தச் சுவரில் எதை மாட்டினாலும் இறுக்கி முடித்தபின் இன்னொரு திருகு திருகிவிட்டுத்தான் வருகிறாராம். சிவப்புக் கட்டு இப்போது மேசைமேல், வெள்ளைக் கட்டு மேல்தட்டில்.

அந்தத் திங்கட்கிழமை விசாரணை பத்தே நிமிடத்தில் முடிய வேண்டியது. மேலாளர் பேனாவைத் திறந்துவிட்டார். தாடிக்காரர் தலையைக் கவிழ்த்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. கடைசி நாற்காலியில் 'கடக்' என்று ஒரு முழங்கால் சத்தம். பொறுப்பு சாரின் வலது கை மேலே போய்க்கொண்டிருந்தது. வழக்கமான விறுக் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல மெல்ல மெல்ல ஏறியது.

அறையில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளரும் சிரித்துவிட்டார். "சார், இது கவுண்டர் இல்ல. பழக்கதோஷம்! கைய இறக்குங்க."

கை இறங்கவில்லை. அதை அப்படியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சட்டைப் பையிலிருந்த வெள்ளைச் சீட்டை எடுத்தார். நான்காக மடித்திருந்ததை ஒற்றைக் கையால் பிரிக்க வராமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். பிறகு அதை மேசைமேல் வைத்து, எழுத்து மேலாளர் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.