நூஹு காக்காவின் பட்டாளம்

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, நூஹு லெப்பை அன்றைக்கும் கதையைப் பாலத்திலிருந்துதான் தொடங்கினார். அவருடைய பட்டாளத்துக்கு முதன்முதலில் கொடுத்த வேலை ஒரு பாலத்தைக் காப்பது. அதைக் கடக்காமல் அவரால் மேற்கொண்டு போக முடியாது.

தோஹாவில், நஜ்மா பகுதியின் சந்தொன்றில் இருக்கிறது அந்த லாண்டரி. துணி வாங்க வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். என் சட்டைகள் தயாராகிக் கிடந்தாலும் நான் உட்கார்ந்துவிடுவேன். அரபிகளின் வெள்ளைத் தலைத்துணிக்குக் கஞ்சி போட்டு, நெற்றிக்கு மேல் விறைத்து நிற்கும்படி மடிப்பெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாய் எங்கே போனாலும் கை மடிப்பை விடாது. இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று பேசுகிறவரைத் தோளைப் பிடித்து மறுபக்கம் நகர்த்திவிடுவார், வந்தவர் அரபியாக இருந்தாலும்.

இலங்கையின் கிழக்குக் கரைக்காரர். தொண்ணூறாம் ஆண்டு, தனிநாட்டுக்குப் போராடிய இயக்கத்தார் ஊருக்குள் புகுந்து சுட்டதில் அவர் தம்பி இறந்தான். அடுத்த மாதமே அரசு ராணுவத்தின் தொண்டர் காலாட்படை ஒன்றில் போய்ச் சேர்ந்தார். "தொண்டர் எண்டா சம்பளமில்லாமப் போனவன் இல்ல தம்பி. கூப்பிடாமப் போனவன்," என்பார். பஸ் கண்டக்டர், கூட்டுறவுக் கடை மனேஜர், கொத்தனார், சர்க்கஸில் கயிறு கட்டியவர் என்று சேர்ந்த பட்டாளம் அது. சிங்களவர் நடுவே தமிழ் பேசுகிறவர் இவர் ஒருவர்தான். முதலில் மரத்துப்பாக்கியோடு பயிற்சி. பிறகு பாலம், பிறகு வடக்கே ஒரு குளக்கட்டில் முகாம். அங்கே ஒரு விடியற்காலையில் இயக்கம் அடித்தது. பட்டாளத்தில் பாதி போனது. இவர் காதும் அன்றைக்குத்தான் போனது. மிஞ்சியவர்களை வேறொரு பட்டாளத்தோடு சேர்த்துப் பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். வரலாறு அத்தோடு முடிந்துவிடும். சண்டை ஓய்ந்த மறுநாளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

கடையில் பில் போடும் காயல்பட்டினத்துக் காதர் மைதீன், பெயரே இல்லாத பட்டாளத்துக்கு இவ்வளவு பேச்சா காக்கா என்று அண்ணன் முறை வைத்துச் சீண்டுவார். "பெயரத்தானே எடுத்தாங்க," என்று பதில் வரும்.

இலங்கையில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த 2003ஆம் வருடம் அது. டியூட்டி உடுப்பைக் கொடுக்க வந்த ஏசி மெக்கானிக் தேவசுந்தரம், நாற்காலியில் உட்கார்ந்து குளக்கட்டுக் கதையை முழுக்கக் கேட்டார். மன்னார்க்காரர். கதை முடிந்ததும் குளத்தின் பெயரைக் கேட்டார், ஆண்டைக் கேட்டார். தன் நேர்மூத்த அண்ணன் இயக்கத்தில் இருந்ததையும், அந்த முகாமை அடிக்கப் போனவன் திரும்பவில்லை, உடலும் வரவில்லை என்பதையும் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

கைகலப்பு வரும் என்று நினைத்துக் காதர் மைதீன் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நூஹு லெப்பை பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"என்ட தம்பியச் சுட்டதும் உங்கட ஆக்கள்தான்."

"நான் சண்டைக்கு வரேல்ல, நானா. அவன் வருவான் எண்டு அம்மா இன்னும் இருக்கிறா. அவனை என்ன செய்தீங்க எண்டு மட்டும் சொல்லுங்க."

நாங்கள் கேட்டிராத மறுநாளை அப்போதுதான் அவர் சொன்னார். விழுந்து கிடந்த இயக்கப் பிள்ளைகளை அப்புறப்படுத்தும் வேலை, தமிழன் பாஷை தெரிந்தவன் என்று இவர் தலையில் விழுந்ததாம். எரித்துவிடச் சொன்னார்கள். இவர் மேஜரிடம் கெஞ்சி, மண்ணில் வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார்.

"தம்பியச் சுட்டவனுகள் எண்டுதான் மண்வெட்டிய எடுத்த. முகத்தப் பாத்தா எல்லாம் அவன்ட வயசு. என்ன மதம் எண்டும் தெரியா. எனக்குத் தெரிஞ்சத ஓதித்தான் மூடின."

அதில் அண்ணன் யார் என்று தன்னால் சொல்ல முடியாது, இடத்தைக் காட்ட முடியும் என்றார். தேவசுந்தரம் உடுப்பைக் கொடுக்காமலே எழுந்து போனார். சில வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. வந்தபோது, அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டதாகவும், இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்பதாகவும் சொன்னார்.

அடுத்த லீவுக்கு இருவரும் ஒரே விமானத்தில் போனார்கள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் தேவசுந்தரம். நூஹு லெப்பை இன்றும் அதைத் தன் வரலாற்றில் சேர்ப்பதில்லை.

முகாம் காடாகிக் கிடந்தது. ரோட்டோரத்தில் கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை; வெடியகற்ற இன்னும் யாரும் வரவில்லை. நூஹு லெப்பை ரோட்டில் நின்றபடி, கட்டுக்குக் கீழே இருந்த மருத மரங்களைக் கைநீட்டிக் காட்டினார். இங்கிருந்தே ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்றார் தேவசுந்தரம். அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பலகையைத் தாண்டப் போனார்.

"இவ்வளவு வருசம் வாசல்ல நிண்டனான். இனி நிக்கேலாது."

நூஹு லெப்பை அவரை மறித்துத் தான் முன்னே வந்தார். அங்கே வெடி புதைத்ததே தங்கள் பட்டாளம்தான், நடக்க எங்கே வழி விட்டோம் என்று மறக்கவில்லை என்றார். தேவசுந்தரத்தை ரோட்டிலேயே நிற்கச் சொன்னார். தடம் தெளிவாக விழட்டும் என்று செருப்பைக் கழற்றினார்.

"என்ட காலடியில மட்டும் கால வைங்க, உம்மா."

ஆறடி உயரமான மனிதர். ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் திரும்பி, அந்த அம்மாவின் கால் எட்டுகிற தூரம் எவ்வளவு என்று பார்த்து, அவ்வளவு கிட்டத்திலேயே தன் பாதத்தை ஈரமண்ணில் அழுத்தி ஊன்றினார்.