தியேட்டரில் சிரித்த அப்பா

அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது தியேட்டரில் மட்டும்தான். துறைமுகப் பண்டகசாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். அக்காவும் நானும் வானொலியை நிறுத்திவிடுவோம்.

ஒரு ஹிந்திப் படம் திருகோணமலைக்கு வந்தபோது அவரே எங்களைக் கூட்டிப்போனார். படத்தில் கண்டிப்பான ஒரு தகப்பன்; அவருக்குப் பயந்து பொய்க்கு மேல் பொய் சொல்லும் பிள்ளைகள். எங்களில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மகள் களவாக விரும்பியவன் அலுமாரிக்குள் ஒளிந்திருக்கிறான். கதவு திறந்து தகப்பனின் காலடியிலேயே விழுகிறான். தகப்பன் பிரம்பை ஓங்குகிறார். ஓங்கியவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அப்பா கதிரையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் தேநீர் குடிக்கும்போது சொன்னாள். "அப்பா, நான் ஒருத்தரை விரும்புறன். தம்பலகாமத்தில உழவு மிசின் ஓடுறவர். ஒருக்கா அவரோட கதைச்சுப் பாருங்கோவன்."

"ஆரின்ர மகன்?"

அக்கா அவருடைய தகப்பனின் பெயரைச் சொன்னாள். அப்பா தேநீரை அவசரமில்லாமல் குடித்து முடித்தார். "அந்தச் சாதி ஆக்கள் என்ர வாசலை மிதிக்க ஏலாது. நீ போறதெண்டால் இப்பவே போ."

"அவள் தெரியாமல் கதைக்கிறாள்..." என்று அம்மா தொடங்கினார்.

"நீயும் போறியோ?"

அம்மா உள்ளே போனார். அந்தக் கிழமையே அக்கா தம்பலகாமத்துக்குப் போய்விட்டாள். கோயிலில் யாராவது கேட்டால், என்னைக் காட்டி, தனக்கு இந்த ஒரு மகள்தான் என்று அப்பா சொன்னார்.

சில வருடங்களில் அம்மா படுக்கையில் விழுந்தார். ஆள் அனுப்பி அக்காவுக்குச் சொன்னேன். கைக்குழந்தையோடு வந்தாள். அப்பா வாசல் படலையை மறித்து நின்றார்.

"அவ நித்திரை. எழுப்ப ஏலாது."

உள்ளேயிருந்து அம்மா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது படலைவரை கேட்டது. அப்பா அசையவில்லை. வெயில் ஏறி, குழந்தை அழத் தொடங்கிய பிறகுதான் அக்கா திரும்பிப் போனாள். அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

அடுத்த வருடம் அதே படம் மறுபடியும் ஓடியது. "வா, மனதுக்கு ஆறுதலாயிருக்கும்" என்று அப்பா என்னைக் கூட்டிப்போனார். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அலுமாரி திறந்ததும் சிரித்துவிட்டேன். அவ்வளவு நல்ல படம். அதை வெறுக்க முடியாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை கசப்பு.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அந்தத் தகப்பன் தங்கமான மனுசன், என்ன?"

"ஓம் அப்பா. மகளைத் துரத்தேல்லை" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நல்லா நடிச்சிருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

அவர் செத்தபோது அக்கா வரவில்லை. வந்திருந்த சனம் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நான் தட்டத்தை வைத்துவிட்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட அப்பா அவளை வெயிலில் நிறுத்தியதைச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள்.

"எண்டாலும் பெத்த தகப்பனெல்லே" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.